கடும் பயிற்சி மட்டும் போதுமா? சைக்கிள் பந்தயக் கனவோடு இருக்கும் வேலூர்த் தம்பிக்கு

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 22. ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஒரு வருஷமாக விடியற்காலையில் ஆற்காடு வரை போய்த் திரும்புகிறார், ஐம்பது கிலோமீட்டர் வரும். சராசரி வேகம் மணிக்கு 30 கி.மீ. "உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்தால் தொழில்முறை சைக்கிள் வீரர் ஆகிவிட முடியுமா? இல்லை, அது பிறவியிலேயே அமைய வேண்டுமா? வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக இறங்கலாமா?" என்பது கேள்வி.

தம்பி, பயிற்சி மட்டும் போதாது. பயிற்சி இல்லாமல் யாரும் அங்கே போனதில்லை என்பதும் உண்மை. ஆனால் "போதாது" என்று சொல்லிவிட்டுப் போனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. எது போதவில்லை, அதை நீங்கள் எப்படித் தெரிந்துகொள்வது, நம் ஊரில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று சொல்கிறேன். பள்ளிப் பிள்ளைகளை சைக்கிள் போட்டிகளுக்குக் கூட்டிப்போன உடற்கல்வி ஆசிரியர் நான். இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன்.

முதலில் தொழில்முறை என்றால் எந்த உயரம் என்று பார்த்துவிடுவோம். உலக சைக்கிள் சம்மேளனத்தின் முதல் தட்டில் 18 ஆண்கள் அணிகள். அணிக்கு முப்பது பேர் என்று வைத்துக்கொண்டாலும் உலகம் முழுக்க ஐந்நூற்றுச் சொச்சம் பேர்தான். அவர்கள் ஓட்டும் டூர் டி பிரான்ஸ் என்ற பிரான்ஸ் நாட்டுப் பெரும் பந்தயம் 21 கட்டம் (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்), சுமார் 3,400 கி.மீ., நடுவில் இரண்டு நாள் ஓய்வு. அதில் மலைகளும் சேர்த்து ஜெயிப்பவரின் சராசரி வேகம் மணிக்கு 40 கி.மீ.க்கு மேல். 30-க்கும் 40-க்கும் பத்துதானே வித்தியாசம் என்று தோன்றும். காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் கன மடங்காக ஏறும். அதனால் தனியாக ஓட்டினால் அந்தப் பத்து கிலோமீட்டருக்கு இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி வேண்டும்.

அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது? இதயம் ஒரு துடிப்பில் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது, அந்த ரத்தம் எவ்வளவு ஆக்சிஜன் சுமக்கிறது, தசை அதை எவ்வளவு எரிக்கிறது என்ற மூன்றையும் பொறுத்தது அது. எல்லாம் சேர்ந்த அளவைத்தான் விஓ2 மேக்ஸ் என்கிறார்கள். பயிற்சி இல்லாத இளைஞருக்கு உடல் எடையில் கிலோவுக்கு, நிமிடத்துக்கு 40 மில்லிலிட்டர் ஆக்சிஜன் அக்கம்பக்கம் இருக்கும். மேல்தட்டு சைக்கிள் வீரர்களுக்கு 75, 80, அதற்கும் மேல். 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை டூர் ஜெயித்த ஸ்பெயின்காரர் மிகேல் இந்துராயினுக்கு ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 என்று சொல்வார்கள். துடிப்பு அவ்வளவு குறைந்தும் உடம்புக்குப் போதுமான ரத்தம் போகிறது என்றால் ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதில் பயிற்சியால் மாறுவது நிறைய. சில வாரங்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். மாதங்கள் போகப் போக இதயத்தின் கீழறை விரியும், தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகும், ஆக்சிஜனை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகும். மாறாதது, அல்லது கொஞ்சமே மாறுவது என்றும் சில உண்டு: உச்ச நாடித்துடிப்பு, எலும்புகளின் நீளம், மெதுவாக இயங்கும் தசையிழைகளும் வேகமாக இயங்கும் தசையிழைகளும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பது. டிவிஎஸ் 50-ஐ எவ்வளவுதான் டியூன் செய்தாலும் அது புல்லட் ஆகாது.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றைப் பலர் கேள்விப்பட்டதில்லை. பயிற்சிக்கு உடம்பு எவ்வளவு இணங்கும் என்பதே ஆளுக்கு ஆள் வேறுபடும். 1990-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹெரிட்டேஜ் என்ற பெயரில் ஓர் ஆய்வு நடந்தது. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 481 பேர், எல்லாரும் 98 குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். எல்லாருக்கும் 20 வாரம் ஒரே திட்டப்படி சைக்கிள் மிதிக்கும் பயிற்சி, ஆய்வாளர்கள் கண் முன்னாலேயே. முடிவில் ஆக்சிஜன் பயன்படுத்தும் அளவு சராசரியாக நிமிடத்துக்கு 0.4 லிட்டர் கூடியது. ஆனால் சிலருக்கு ஒரு லிட்டருக்கும் மேல் கூடியது, சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே கூடவில்லை. யார் சோம்பேறி, யார் உழைப்பாளி என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை, ஏனென்றால் எல்லாரும் ஒரே அளவு உழைத்தார்கள். இந்த வேறுபாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவானது குடும்ப வழி வந்தது என்று கணக்கிட்டார்கள்.

இதை நான் பள்ளி மைதானத்திலும் பார்த்திருக்கிறேன். காட்பாடிப் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர், ஒரே வகுப்பு, ஒரே மாதிரி சைக்கிள், ஒரே பயிற்சி. ஒருவன் மாதத்துக்கு மாதம் மெருகேறினான். இன்னொருவன் அவனைவிட ஒழுங்காக வந்தான், ஒரு நாள் தவறமாட்டான், ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் நகரவே இல்லை. அந்தப் பிள்ளையிடம் "இன்னும் உழைக்கணும்டா" என்று சொல்வது பெரிய அநியாயம். உழைப்பை மட்டும் புகழ்ந்து பேசும் ஊரில், முன்னேறாதவன் தன்னையே குற்றவாளியாக நினைத்துக்கொள்கிறான். இந்தக் காரணத்துக்காகத்தான் "முயன்றால் முடியாதது இல்லை" என்று மட்டும் உங்களுக்கு எழுதிவிட்டு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

சரி, உங்கள் உடம்பு எந்த ரகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆய்வகம் வேண்டாம், மிதிக்கும் சக்தியை அளக்கும் பவர் மீட்டரும் வேண்டாம். மலை போதும், அது நம்மிடம் தாராளமாக இருக்கிறது. பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுப் பாதை ஒன்று. ஜமுனாமரத்தூருக்கு ஏறும் ஜவ்வாது மலைப் பாதையும் இருக்கிறது. சரிவு சீராக இருக்கும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், இருபது நிமிடமாவது ஏறும்படி. போனில் ஏதாவது ஒரு சைக்கிள் செயலியை ஓடவிட்டால் எத்தனை மீட்டர் உயரம் ஏறினீர்கள், எவ்வளவு நேரம் ஆயிற்று என்று காட்டும். அதை ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மீட்டர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். 25 நிமிடத்தில் 400 மீட்டர் ஏறினால் மணிக்கு 960 மீட்டர்.

ஏழு சதவீதச் சரிவில், பத்து கிலோவை ஒட்டிய எடையுள்ள கியர் சைக்கிளில் மணிக்கு 1,000 மீட்டர் வேகத்தில் ஏறினால், உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 3.7 வாட் சக்தி கொடுக்கிறீர்கள் என்று பொருள். நல்ல உள்ளூர் ஓட்டுநர் அந்த இடத்தில் இருப்பார். 1,300 மீட்டர் என்றால் 4.8 வாட். அந்த அளவை அரை மணி நேரம் தாங்கினால் மாநில அணித் தேர்வுக்குப் போய் நிற்கத் தயங்கவே வேண்டாம் என்பேன். டூர் டி பிரான்ஸில் மலையில் முன்னால் போகிறவர்கள் 1,600-ஐத் தாண்டி ஏறுகிறார்கள், கிட்டத்தட்ட 6 வாட். அதுவும் அன்று ஏற்கெனவே நாலு மணி நேரம் ஓட்டிவிட்டு.

சைக்கிளின் எடையையும் கணக்கில் எடுங்கள். அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டி சுமார் 20 கிலோ இருக்கும், கியர் கிடையாது. 60 கிலோ எடையுள்ள ஒரு பையன் அதில் மணிக்கு 1,000 மீட்டர் ஏறினால் அவன் கொடுப்பது 3.7 அல்ல, 4-க்கும் மேல். நல்ல சைக்கிள் வைத்திருப்பவனுக்குப் பின்னால் வந்தான் என்பதற்காக ஒரு பையனை ஒதுக்கிவிடக் கூடாது என்று சக ஆசிரியர்களிடம் நான் சண்டை போடுவது இதனால்தான்.

ஒரு நாள் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒழுங்கான பயிற்சியில் ஒரு வருஷம் இருந்துவிட்டு, அந்த எண் எவ்வளவு நகர்ந்தது என்று பார்ப்பதுதான் சோதனை. 900-லிருந்து 1,200-க்கு வந்தால் உங்கள் உடம்பு பயிற்சிக்கு இணங்கும் உடம்பு. 900-லிருந்து 950 என்றால் வேறு யோசனை வேண்டும்.

அந்த எண் நகராமல் இருப்பதற்குப் பிறவிதான் காரணம் என்று உடனே முடிவுகட்டிவிடவும் கூடாது. நம் பக்கத்தில் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ரத்தம். ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் 15 முதல் 49 வயது இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஆக்சிஜனைச் சுமக்கும் பொருளே குறைவாக இருக்கும்போது என்ன பயிற்சி கொடுத்து என்ன பயன்? "திறமை இல்லை" என்று ஓரங்கட்டப்பட்ட எத்தனையோ பெண் பிள்ளைகளுக்கு உண்மையில் இல்லாதது இரும்புச்சத்துதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனைக்கு எத்தனை ரூபாய் ஆகிவிடும்? முதலில் அதைச் செய்யுங்கள்.

அடுத்தது, நீங்கள் "கடும் பயிற்சி" என்று எதைச் சொல்கிறீர்கள் என்பது. தினமும் ஆற்காடு போய்த் திரும்பும் ஐம்பது கிலோமீட்டரையும் முழு மூச்சில் மிதிக்கிறீர்கள் என்று உங்கள் எழுத்திலிருந்து புரிகிறது. உச்ச வீரர்கள் அப்படிச் செய்வதில்லை. வாரத்துக்கு 20 முதல் 30 மணி நேரம் ஓட்டுகிறார்கள், ஆனால் அதில் ஐந்தில் நாலு பங்கு பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே போகும் வேகம்தான். மீதி ஒரு பங்கில்தான் நெஞ்சு வெடிக்கும். உங்களைப் போல ஒவ்வொரு நாளும் மூச்சு வாங்கினால், சோர்வு சேர்ந்துகொண்டே போகும், உடம்பு தேறாது. உடம்பு தேறுவது ஓட்டும்போது அல்ல, தூக்கத்தில். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு அப்படியே சைக்கிளில் ஏறும் நாள்களில் உங்களுக்கு நன்மையைவிடக் கெடுதலே அதிகம். நம் ஊர் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திரும்பிவிடும், காலுக்குப் போவது குறையும், அதே வேகத்துக்கு நாடி ஏறிக்கொண்டே போகும். அந்த மாதங்களில் வேகம் குறைந்ததே என்று கலங்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வேகம் கூடவில்லை என்ற ஆத்திரத்தில் இருக்கும் பையன்களைத் தேடி ஊசியும் மாத்திரையும் வரும். பக்கம் போகாதீர்கள். ரத்தத்தில் சிவப்பணுக்களை ஏற்றும் இபிஓ போன்ற மருந்துகள் சைக்கிள் உலகத்தையே ஒரு காலத்தில் நாசம் செய்தன. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் 2012-இல் பறிக்கப்பட்டன. உங்கள் கேள்விக்கும் அதில் ஒரு பதில் இருக்கிறது: ஊசி போட்ட அத்தனை பேரும் உச்சகட்டப் பயிற்சியில் இருந்தவர்கள்தான். பயிற்சி மட்டுமே போதும் என்றால் அவர்களுக்கு ஊசி எதற்கு?

உடம்பு மட்டும் இருந்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. நார்வேயில் ஆஸ்கர் ஸ்வென்ட்சன் என்று ஒரு பையன். 2012-இல் 18 வயதில் அவனுடைய விஓ2 மேக்ஸ் 97-ஐத் தாண்டியது என்று அறிவித்தார்கள், அதுவரை கேள்விப்படாத எண். அதே ஆண்டு ஜூனியர் உலக சாம்பியன்ஷிப்பில், ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தோடு மோதும் நேரப் பந்தயத்தில் தங்கம். 2014-இல் இருபது வயதில் பந்தயத்தையே விட்டு விலகிவிட்டான். அவ்வளவு உயர்ந்த விஓ2 மேக்ஸ் இருந்தும், வருஷத்தில் பாதி நாள் வீட்டைவிட்டு வெளியே கிடந்து, விழுந்து எழுந்து, பிறருக்காகக் காற்றைத் தாங்கி ஓட்டும் வாழ்க்கை எல்லாருக்கும் பிடித்துவிடாது.

பந்தயம் என்பதே தனி வித்தை. நூற்றைம்பது பேர் தோளோடு தோள் உரச மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கூட்டத்தில், முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் உங்கள் முன்சக்கரம் இருக்க வேண்டும். அப்படி ஒளிந்து ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு சக்தி மிச்சம். அது தெரியாதவர் எவ்வளவு பலசாலியானாலும் கடைசி பத்து கிலோமீட்டருக்கு முன்பே காலியாகிவிடுவார். பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே தனியாக ஓட்டி இதைக் கற்க முடியாது. பந்தயத்தில்தான் கற்க முடியும், அதுவும் சின்ன வயதில், அடிக்கடி.

நம் ஊரின் உண்மையான குறை இதுதான் என்பது என் கருத்து. எரித்திரியா என்ற ஆப்பிரிக்க நாட்டின் மக்கள்தொகை ஏறக்குறைய 35 லட்சம். பிரிப்பதற்கு முன்பு இருந்த நம் வேலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்குப்படி 39 லட்சம். அந்தச் சின்ன, ஏழை நாட்டிலிருந்து வந்த பினியம் கிர்மாய் 2024 டூரில் மூன்று கட்டங்களை ஜெயித்து, அதிகப் புள்ளி எடுத்தவருக்கான பச்சைச் சட்டையையும் வாங்கினார். இத்தாலியர் ஆண்ட காலத்திலிருந்தே அங்கே சைக்கிள் பந்தயம் ஊர்த் திருவிழா மாதிரி. தலைநகர் அஸ்மாரா கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டர் உயரத்தில் இருப்பதும் உதவி. கிர்மாய்க்கு அதற்கு மேல் சுவிட்சர்லாந்தில் உள்ள உலக சம்மேளனத்தின் பயிற்சி மையத்திலும் இடம் கிடைத்தது.

அவ்வளவு தூரம் போவானேன், அந்தமானைப் பாருங்கள். 2011 கணக்குப்படி மொத்த மக்கள்தொகை நாலு லட்சத்தை எட்டாது. அங்கிருந்து சைக்கிள் வீராங்கனை டெபோரா ஹெரால்ட் வந்தார், வீரர் எசோவ் ஆல்பன் வந்தார். 2019-இல் ஜெர்மனியில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் அணி ஸ்பிரின்ட் என்ற குறுந்தூர ஓடுதளப் பந்தயத்தில் தங்கம் வென்ற இந்திய அணியில் எசோவ் இருந்தார். போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) சைக்கிள் ஓடுதளம் இருக்கிறது, பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்கிறார்கள்.

உங்கள் சத்துவாச்சாரிக்கே வாருங்கள். 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் தூக்கிய சதீஷ் சிவலிங்கம் உங்கள் ஊர்க்காரர். அவருடைய அப்பாவும் பளு தூக்கியவர். ரத்தத்தில் வந்ததா, வீட்டில் பார்த்து வந்ததா என்று பிரிக்க யாராலும் முடியாது. ஆனால் பளு தூக்கும் கூடங்கள், மூத்த வீரர்கள், "நம்ம ஊர்ப் பையனால் முடியும்" என்று நம்பும் தெருக்கள், இத்தனையும் அவர் பிறப்பதற்கு முன்பே அங்கே இருந்தன. சைக்கிளுக்கு நம்மிடம் அப்படி ஒரு தெருவும் இல்லை. அண்ணா பிறந்தநாளை ஒட்டி மாவட்டந்தோறும் மிதிவண்டிப் போட்டி நடத்துகிறார்கள், 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என்று பிரித்து, சாதாரண சைக்கிளில் 10 முதல் 20 கி.மீ. வரை. அருமையான ஏற்பாடு. அதில் ஜெயித்த பிள்ளை மறுநாள் எங்கே போவான்? அடுத்த வாரம் ஓட்ட ஒரு பந்தயம் இந்த மாவட்டத்தில் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

வயதைப் பற்றி. சர்வதேசக் கணக்கில் 23 வயதுக்குட்பட்டோர் பிரிவு 22 வயதோடு முடிகிறது, அதாவது உங்களுக்கு இந்த ஆண்டோடு. பெரிய அணிகள் இப்போது 18 வயதிலேயே ஒப்பந்தம் போடுகின்றன. தாமதமாக வந்தவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஸ்லோவேனியாவின் பிரிமோஷ் ரோக்லிச் பனிச்சறுக்குத் தாண்டலை விட்டுவிட்டு 2013-இல், 23 வயதில், சைக்கிள் அணியில் சேர்ந்தார். பிறகு ஸ்பெயின் சுற்றுப்பயணப் பந்தயத்தை நாலு முறை ஜெயித்தார். கனடாவின் மைக்கேல் வுட்ஸ் ஓட்டப் பந்தயக்காரர், 18 வயதில் ஒரு மைல் தூரத்தை நாலு நிமிடத்துக்குள் ஓடியவர். கால் எலும்பு முறிவால் சைக்கிளுக்கு வந்து, 36 வயதில் டூரில் ஒரு கட்டம் ஜெயித்தார். இவர்கள் சைக்கிளுக்குத்தான் புதியவர்கள், விளையாட்டுக்குப் புதியவர்கள் அல்ல. உங்கள் கடிதத்தில் பள்ளிக்காலத்தில் ஓடியதாகவோ கபடி ஆடியதாகவோ ஒன்றும் இல்லை. இருந்தால் எழுதுங்கள், அது கணக்கில் சேரும்.

டூர் டி பிரான்ஸ் உங்களுக்கு நடக்காது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் இந்தியாவில் தொழில்முறை என்பதற்குப் பெரும்பாலும் வேறு பொருள்: ரயில்வேயிலோ ராணுவத்திலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை, அந்த அணிக்காகத் தேசியப் போட்டியில் ஓட்டுவது. அந்தக் கதவு இன்னும் மூடவில்லை. அதற்கு மாநில அணியில் இடம் வேண்டும், தேசியப் போட்டியில் பதக்க வரிசை வேண்டும். ஓடுதளப் பந்தயங்களையும் விட்டுவிடாதீர்கள். மலையில் சுமாராக ஏறும் கட்டுமஸ்தான ஆள் 200 மீட்டரில் பாய்ந்துவிடலாம், அது வேறு தசை, வேறு உடம்பு. வண்டலூர் அருகே மேலக்கோட்டையூரில், உடற்கல்வி விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் ஓடுதளம் இருக்கிறது. வேலூரிலிருந்து காலையில் கிளம்பினால் அன்றே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

வேலையை விடலாமா என்றால், இப்போது விடாதீர்கள். சம்பளம் நின்றால் முதலில் குறைவது முட்டையும் பாலும்தான், அப்புறம் தூக்கம். முடிந்தால் மேலாளரிடம் பேசி ஒரே ஷிப்ட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கடுமையாக ஓட்டுங்கள், மற்ற நாள் பேசிக்கொண்டே போகும் வேகம், ஒரு நாள் முழு ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை உங்களைவிட வேகமாகப் போகும் நாலு பேரைத் தேடிப் பிடித்து அவர்கள் சக்கரத்தை ஒட்டிப் பழகுங்கள். மாநில சைக்கிள் சங்கத்தின் அடுத்த தேர்வு எப்போது என்று விசாரித்து, தயாரோ இல்லையோ போய் நில்லுங்கள். தோற்றாலும் கூட்டத்தில் ஓட்டிய அனுபவம் மிச்சம்.

முதல் மலைச் சோதனையை மார்கழியில் செய்யுங்கள், காலை ஆறரைக்குள். அடுத்ததை மறு மார்கழியில், அதே பாதையில், அதே சைக்கிளில், டயரில் அதே காற்றழுத்தத்தோடு செய்யுங்கள். மார்கழியில் ஏறிய நேரத்தையும் வைகாசியில் ஏறிய நேரத்தையும் ஒப்பிட்டால் தப்பான விடைதான் வரும். இரண்டு எண்களையும் ரத்தப் பரிசோதனை முடிவோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள், வேலையைப் பற்றி அப்போது பேசுவோம்.